கடவுளிடம் சண்டை போடுவது பாவமா?

தேரிக்காடு:

வணக்கம். இந்தப் பகுதியை ரொம்ப நாளாக வாசித்து வருகிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கிறார். நாற்பதைத் தாண்டி கொஞ்ச வயதுதான். வலது கையும் காலும் வரவில்லை, பேச்சு பாதிதான் வருகிறது. பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போகிறார்கள். பகலில் நான் வேலைக்குப் போகும்போது மாமியார் பார்த்துக்கொள்கிறார். இரவு முழுக்க என் பொறுப்பு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். அலாரம் வைத்து எழுந்திருக்கிறேன்.

சபையில் இருந்து வருகிறவர்கள் நல்லவர்கள். பழம் வாங்கி வருகிறார்கள், முழங்கால் போட்டு ஜெபிக்கிறார்கள். ஆனால் எல்லோரும் போகும்போது வாசலில் நின்று ஒன்றையே சொல்கிறார்கள். "முறுமுறுக்காதே, எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம் சொல்லு. ஆண்டவர் ஒரு நோக்கத்தோடுதான் அனுமதிப்பார்." நானும் தலையை ஆட்டி அனுப்பி வைக்கிறேன்.

போன வாரம் நடுராத்திரி அடுப்படியில் உட்கார்ந்து கடவுளைத் திட்டிவிட்டேன். அதை ஜெபம் என்று சொல்லவே முடியாது. "உமக்குக் கண் தெரியவில்லையா? இந்த மனுஷன் உமக்கு என்ன குறை வைத்தான்? ஞாயிறு தவறாமல் கோயில் மணி அடித்த கைதானே அது, அந்தக் கையையா எடுப்பீர்?" என்று வாய்விட்டே கேட்டேன். பிள்ளைகள் எழுந்துவிடுவார்கள் என்று அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டேன்.

நான் செய்தது பாவமா? ஆறுதல் வேண்டாம், அது நிறையக் கிடைக்கிறது. தெரிந்தவர்கள் நேர்மையாகப் பதில் சொல்லுங்கள். எந்த மதத்தவராக இருந்தாலும் சரி.

---

பழைய சபைக்காரர்:

மகளே, உன் பாரம் புரிகிறது. ஆனால் நேர்மையான பதில் கேட்டாய், சொல்கிறேன். அதைத் தொடராதே.

வேதத்தில் எண்ணாகமம் 11ஆம் அதிகாரம், எகிப்திலிருந்து மோசேயோடு வந்த ஜனங்கள் முறையிட்டார்கள் என்று எடுத்த எடுப்பிலேயே சொல்கிறது. கர்த்தருடைய அக்கினி பற்றியெரிந்து பாளயத்தின் கடைசியில் இருந்தவர்களைப் பட்சித்தது. முறுமுறுத்தவர்கள் அழிந்தார்கள், நீங்கள் அப்படி இராதேயுங்கள் என்று பவுலும் கொரிந்தியருக்கு எழுதுகிறார். எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள் என்று எழுதியவரும் அதே பவுல்தான்.

இதை நான் மேடையில் நின்று சொல்லவில்லை. வளர்ந்த மகனைச் சாலை விபத்தில் பறிகொடுத்தவன் நான். அடக்கத்துக்குப் போன அன்று "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார், கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம்" என்று, பிள்ளைகளை இழந்த யோபு சொன்னதையே சொன்னேன். வாயால் சொன்னது மனதுக்குள் இறங்கப் பல மாதம் ஆனது. அந்த ஸ்தோத்திரம் இல்லாவிட்டால் நான் கிணற்றில் விழுந்திருப்பேன். உன்னைக் குறை சொல்வதாக நினைக்காதே. கசப்பு வேர்விட்டால் பிடுங்குவது கஷ்டம், அதற்காகத்தான் சொல்கிறேன்.

---

சுவடி:

ஐயா, உங்கள் இழப்புக்கு முன்னால் வாதாட எனக்குத் தகுதி இல்லை. இறையியல் படிக்கிறவன் நான், அவ்வளவுதான். ஆனால் அக்கா கேட்ட கேள்விக்கு அந்த எண்ணாகமம் 11 இன்னும் கொஞ்சம் பதில் வைத்திருக்கிறது. தொடர்ந்து வாசியுங்கள்.

ஜனங்கள் முறையிட்டு அக்கினி வந்த அதே அதிகாரத்தில், 11ஆம் வசனம் முதல் மோசே பேசுகிறார். உமது அடியானுக்கு ஏன் இந்த உபத்திரவம், இந்த ஜனத்தையெல்லாம் நானா கர்ப்பந்தரித்தேன், நானா பெற்றேன், இவர்களுக்கு இறைச்சிக்கு எங்கே போவேன், என்னால் தனியாகத் தாங்க முடியாது என்று கேட்டுக்கொண்டே போய், இப்படித்தான் நடத்துவீர் என்றால் இப்போதே என்னைக் கொன்றுபோடும் என்பதில் வந்து நிற்கிறார். அக்கா அடுப்படியில் கேட்டதைவிட இது கடுமை.

மோசேமேல் அக்கினி விழவில்லை. அடுத்த வசனத்திலேயே, மூப்பர்களில் 70 பேரைக் கூட்டி வா, நீ ஒருவனாய்ச் சுமக்காதபடி அவர்களும் உன்னோடு இந்தப் பாரத்தைச் சுமப்பார்கள் என்று பதில் வருகிறது. உன் விசுவாசம் எங்கே என்ற கேள்வியே அங்கு இல்லை.

ஒரே அதிகாரத்தில் இரண்டு முறையீடு, இரண்டு விதமான பதில். ஏன்? உபாகமம் முதல் அதிகாரத்தில் மோசே வேறொரு சமயத்து முறுமுறுப்பை நினைவுபடுத்தும்போது, நீங்கள் உங்கள் கூடாரங்களில் முறுமுறுத்து, கர்த்தர் நம்மை வெறுத்துத்தான் எகிப்திலிருந்து கூட்டி வந்தார் என்றீர்கள் என்கிறார். அவர்கள் கூடாரத்துக்குள் தங்களுக்குள்ளே அவரைப் பற்றிப் பேசினார்கள், எகிப்துக்கே போய்விடலாம் என்றார்கள். மோசே நேரே அவரிடமே போய் முகத்துக்கு முன்னால் கேட்டார். அக்கா செய்தது இரண்டாவது. அதை முறுமுறுப்பு என்று வேதமே சொல்லாதபோது நாம் ஏன் சொல்ல வேண்டும்?

யோபுவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஐயா சொன்ன வசனம் முதல் அதிகாரத்தில் இருக்கிறது. நம் அடக்க ஆராதனைகளில் யோபு அந்த ஒரு வசனத்தோடு முடிந்துவிடுகிறார். மூன்றாம் அதிகாரத்தில் அவர் தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். பிறகு முப்பது அதிகாரங்களுக்கு மேல் வழக்குதான். கடவுளை நியாயசபைக்கு இழுக்க வேண்டும், எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு மத்தியஸ்தன் இல்லையே என்கிறார். அவருடைய சிநேகிதர்கள் மூவரும் கடவுளுக்காக வக்காலத்து வாங்கி அழகாகப் பேசுகிறார்கள். கடைசியில் கடவுள் அந்த மூவரில் ஒருவனான எலிப்பாசிடம் என்ன சொல்கிறார்? "என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை." 42ஆம் அதிகாரம் 7ஆம் வசனம். யோபுவுக்கு 38 முதல் 41 வரை நல்ல கண்டிப்பும் கிடைத்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் கடவுளுக்குக் கோபம் மூண்டது தமக்காக வாதாடியவர்கள்மேல்.

---

ஆரூரான்:

தங்கச்சி, எந்த மதமானாலும் சரி என்று சொன்னதால் வருகிறேன். நான் சைவன். எங்கள் பக்கம் இதற்கு ஒரு பெரியவரே இருக்கிறார்: சுந்தரமூர்த்தி நாயனார்.

திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்தபோது, உன்னைப் பிரியேன் என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்தார். அப்புறம் திருவாரூர் நினைவு வந்து, ஊர் எல்லையைத் தாண்டினார். இரண்டு கண்ணும் போய்விட்டது. தட்டுத்தடுமாறித் திருவெண்பாக்கம் வருகிறார். கோயிலுக்குள் இருக்கிறாயா என்று கேட்கிறார். உள்ளேயிருந்து வந்த பதில்: "உளோம் போகீர்." இருக்கிறோம், போய் வாருங்கள். பார்வை கேட்டவருக்குக் கிடைத்தது ஓர் ஊன்றுகோல்.

அந்தக் கோயில் இப்போது பூண்டியில் இருக்கிறது. 1944இல் பூண்டி நீர்த்தேக்கம் கட்டியபோது பழைய இடம் நீருக்குள் போனது, கோயிலைப் பெயர்த்து வந்து வைத்தார்கள். சுவாமிக்குப் பெயரே ஊன்றீசுவரர். அங்கே நந்தியைப் பாருங்கள், ஒரு கொம்பு உடைந்திருக்கும். கண் கேட்டால் கோலா தருகிறாய் என்று சுந்தரர் அந்தக் கோலை வீசியெறிந்தாராம், அது நந்தியின் கொம்பில் பட்டு முறிந்ததாம். கோயிலில் சொல்லும் கதை இது. நான் போயிருந்தபோது அந்த முறிந்த கொம்பைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போன பெண்கள் பலர். யாரும் புதுக் கொம்பு ஒட்டவில்லை.

அடுத்து காஞ்சிபுரத்தில் இடக் கண் வந்தது. வலக் கண் வரவில்லை. திருவாரூர் போய்ச் சேர்ந்து பாடியதுதான் "மீளா அடிமை" என்று தொடங்கும் பதிகம். அதில் இரண்டாவது பாட்டை அப்படியே தருகிறேன்:

விற்றுக் கொள்வீர் ஒற்றி அல்லேன் விரும்பி ஆட்பட்டேன்
குற்றம் ஒன்றும் செய்த தில்லை கொத்தை ஆக்கினீர்
எற்றுக் கடிகேள் என்கண் கொண்டீர் நீரே பழிப்பட்டீர்
மற்றைக் கண்தான் தாரா தொழிந்தால் வாழ்ந்து போதீரே.

என்னை விற்றாலும் விற்றுக்கொள்ளுங்கள், நான் அடகுப் பொருள் இல்லை, விரும்பி வந்த ஆள். என்னைக் குருடனாக்கினீர், பழி உமக்குத்தான். இன்னொரு கண்ணைத் தராவிட்டால் போங்கள், நீங்களாவது நன்றாக இருங்கள்! வயிறெரிந்து சொல்கிற பேச்சு இது. கோயிலில் ஓதுவார்கள் இன்றைக்கும் பண்ணோடு பாடுகிறார்கள். தேவாரத்தில் ஏழாம் திருமுறைக்குள் இது இருக்கிறது. தொகுத்தவர்கள் இதை ஒளிக்கவில்லை.

---

பழைய சபைக்காரர்:

ஆரூரான் ஐயா, மரியாதையோடு ஒரு கேள்வி. சத்தியத்தை மீறியவர் அவர்தான் என்று நீங்களே சொன்னீர்கள். அப்படியிருக்க "குற்றம் ஒன்றும் செய்ததில்லை" என்று பாடுவது நியாயமா?

---

ஆரூரான்:

நியாயம் இல்லைதான் ஐயா. ஒளிவு மறைவு வேண்டாம். வெண்பாக்கத்தில் பாடும்போது "பிழையுளன பொறுத்திடுவர் என்று அடியேன் பிழைத்தக்கால்" என்று தப்பை ஒப்புக்கொள்கிறார். நீ பொறுத்துக்கொள்வாய் என்று நம்பித்தானே தப்புச் செய்தேன் என்று அதிலும் ஓர் உரிமை. ஆரூர் வந்து சேர்வதற்குள் பொறுமை போய்விட்டது, நான் ஒரு குற்றமும் செய்யவில்லை என்கிறார். வேதனையில் இருக்கிறவன் வாக்குமூலம் கொடுப்பதுபோல் அளந்தா பேசுவான்? அளந்து பேசவில்லை என்பதற்காகச் சிவன் வலக் கண்ணைத் தராமல் விடவில்லை. ஆரூரில் தந்தான்.

அவருக்குத் தம்பிரான் தோழர் என்று பெயர். தோழன் என்றால் சண்டை உண்டு.

அப்பரையும் சொல்லிவிடுகிறேன். சூலை நோய் வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு திருவதிகை வாசலில் நின்று அவர் பாடிய முதல் சொல்லே "கூற்றாயினவாறு விலக்ககிலீர்". எமனாக வந்திருக்கிற இந்த நோயை விலக்க மாட்டேன் என்கிறீரே என்று. குடலோடு துடக்கி முடக்குகிறது, என்னால் தாங்க முடியவில்லை என்று உடம்பு வலியை உள்ளபடியே சொல்கிறார். தங்கச்சி, நீங்கள் கேட்டது இந்த வரிசையில் வருகிற கேள்வி.

---

மேலப்பாளையம்:

அஸ்ஸலாமு அலைக்கும் சகோதரி. எங்கள் பக்கத்தில் இருந்து சுருக்கமாக.

மகன் யூசுஃபைப் பறிகொடுத்த யஃகூப் நபி அழுது அழுது கண்கள் வெளுத்துப்போனதாகக் குர்ஆனின் 12ஆம் அத்தியாயம் சொல்கிறது. இப்படியே அவனை நினைத்து உருகி அழிந்துவிடப் போகிறீர்கள் என்று மற்ற மகன்கள் சொன்னபோது அவர் சொன்ன பதில்: என் துயரத்தையும் கவலையையும் நான் அல்லாஹ்விடம்தான் முறையிடுகிறேன். 58ஆம் அத்தியாயம் தொடங்குவதே ஒரு பெண்ணின் முறையீட்டோடுதான். தன் கணவன் செய்த அநியாயத்தைப் பற்றி நபியிடம் வந்து வாதாடி, அல்லாஹ்விடம் முறையிட்டாள். அவளுடைய பேச்சை அல்லாஹ் கேட்டுவிட்டான் என்பதுதான் முதல் வசனம்.

ஆனால் எங்களுக்கு ஓர் எல்லை உண்டு, அதையும் சொல்லாமல் போவது சரியில்லை. ஆரூரான் ஐயா காட்டிய மாதிரி அவனையே பழி சொல்வதை நாங்கள் செய்ய மாட்டோம். நபி அவர்கள் தம் குழந்தை இப்ராஹீம் இறந்தபோது அழுதார்கள். கண் நீர் வடிக்கிறது, உள்ளம் வேதனைப்படுகிறது, ஆனாலும் இறைவனுக்குப் பிடிக்காததைச் சொல்ல மாட்டோம் என்றார்கள். அல்லாஹ்விடம் முறையிடு, அல்லாஹ்வைப் பற்றிப் பிறரிடம் முறையிடாதே என்று எனக்கு ஓதிக்கொடுத்த உஸ்தாத் சொல்வார். சுவடி தம்பி மோசேயை வைத்துச் சொன்னதும் ஏறக்குறைய அதுதான்.

உங்கள் கணவருக்காக துஆ செய்கிறேன்.

---

நாகைக்காரன்:

எல்லோரும் முடிவு நல்லபடி வந்த கதைகளையே சொல்கிறீர்கள். யோபுவுக்குப் பிள்ளைகள் மறுபடி பிறந்தார்கள், சுந்தரருக்குக் கண் வந்தது, யஃகூபுக்கு மகனும் கிடைத்தான், பார்வையும் திரும்பியது.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, சுனாமி வந்த நாள். கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள். எங்கள் ஆட்கள் சிலர் பூசைக்குப் போயிருந்தார்கள், சிலர் கடற்கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் குடும்பத்தில் மட்டும் யார் யார் போனார்கள் என்று இங்கே எழுத எனக்கு மனம் இல்லை. அப்புறம் வந்த ஒருவர், பெயர் வேண்டாம், இது பாவத்துக்கு வந்த எச்சரிக்கை என்று பேசினார். என் அத்தை மகள் ஐந்து வயதுப் பிள்ளை. அவள் என்ன பாவம் செய்தாள்?

நானும் கேட்டேன். கடற்கரையில் நின்று கத்தியே கேட்டேன். கண்ணும் வரவில்லை, கோலும் வரவில்லை, "உளோம்" என்ற சத்தம்கூட வரவில்லை. கோயிலுக்குப் போவதை நிறுத்தி வருடங்கள் ஆகின்றன. அந்தச் சகோதரி பாவம் செய்யவில்லை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கேட்க ஆள் இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

---

குருசடி:

நாகைக்காரன், உங்களுக்குப் பதில் சொல்ல நான் வரவில்லை. அந்த டிசம்பரில் வேளாங்கண்ணிக்கு வந்திருந்த திருப்பயணிகள் எத்தனையோ பேர் திரும்பிப் போகவில்லை. மாதா கோயிலுக்கு வந்தவர்களுக்கே அப்படி என்றால் எந்த விளக்கமும் வாயில் நிற்காது. அது எச்சரிக்கை என்று பேசியவர் பேசியிருக்கவே கூடாது. யோபுவின் சிநேகிதர்கள் முதல் ஏழு நாள் தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் இருந்தார்கள். அந்த ஏழு நாள்தான் அவர்கள் ஒழுங்காக இருந்தது.

---

சுவடி:

நாகைக்காரன் அண்ணன் சொன்னது சரி, நான் எடுத்த உதாரணத்தில் முடிவு நல்லபடி வந்துவிட்டது. முடிவு நல்லபடி வராத ஒன்றும் வேதத்தில் இருக்கிறது, அதை மட்டும் வைக்கிறேன்.

சங்கீதங்கள் 150இல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முறையீடுதான். 13ஆம் சங்கீதம் "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்கி இரண்டு வசனத்துக்குள் நான்கு தடவை எதுவரைக்கும் என்று கேட்கிறது. 44ஆம் சங்கீதம் "ஆண்டவரே, விழித்துக்கொள்ளும், ஏன் நித்திரைபண்ணுகிறீர்?" என்கிறது. பெரும்பாலானவை எங்கோ ஓர் இடத்தில் நம்பிக்கைக்குத் திரும்பிவிடும். 13ஆம் சங்கீதம்கூட ஆறாம் வசனத்தில் பாட்டில் முடிகிறது.

88 திரும்பாது. ஏமான் என்பவருடைய பெயரில் இருக்கிற சங்கீதம். இரவும் பகலும் உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன் என்று தொடங்கும். குழியில் வைத்தீர், உம்முடைய கோபம் என்னை இருத்துகிறது, சிறுவயது முதல் சாகிறவன் மாதிரி இருக்கிறேன், ஏன் முகத்தை மறைக்கிறீர் என்று போய், சிநேகிதரையும் தோழரையும்கூட என்னைவிட்டுத் தூரமாக்கினீர் என்று முடிந்துவிடும். "ஆனாலும் நான் உம்மை நம்பியிருக்கிறேன்" என்று ஒரு வரி கிடையாது. யாரோ ஒருவர் கடைசியில் இரண்டு நம்பிக்கை வசனத்தைச் சேர்த்திருக்கலாம், சேர்க்கவில்லை. பிரதியெடுத்தவர்கள் அப்படியே எடுத்தார்கள். தேவாலயப் பாட்டுப் புத்தகத்தில் அது அப்படியே நின்றது.

புலம்பல் புத்தகத்தையும் பாருங்கள். எருசலேம் பாபிலோனியர் கையில் எரிந்த பிறகு பாடிய ஐந்து பாடல்கள். எபிரெய எழுத்து 22. முதல், இரண்டாம், நான்காம் அதிகாரங்களில் 22 வசனம், ஒவ்வொன்றும் நெடுங்கணக்கின் வரிசைப்படி அடுத்தடுத்த எழுத்தில் தொடங்கும், நம் ஆத்திசூடி அகர வரிசையில் போகிற மாதிரி. மூன்றாம் அதிகாரத்தில் எழுத்துக்கு மூன்றாக 66 வசனம். கதறுகிறவர்கள் இவ்வளவு கட்டுக்கோப்பாகவா கதறுவார்கள் என்று முதலில் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. தாய்மார் பசித்த பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஊரின் துக்கத்தை, முதல் எழுத்தில் இருந்து கடைசி எழுத்து வரை ஒன்றும் விடாமல் சொல்லித் தீர்க்கிறார்கள் என்று இப்போது நினைக்கிறேன். ஐந்தாம் அதிகாரத்துக்கு வரும்போது 22 வசனம் இருக்கிறது, எழுத்து வரிசை குலைந்துவிட்டது.

அதில் 3ஆம் அதிகாரம் 22, 23 வசனங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். கிருபைகள் காலைதோறும் புதியவைகள். புது வருஷ இரவு ஆராதனையில் கொடுக்கிற வாக்குத்தத்த அட்டையில் எத்தனை வருஷம் அது வந்திருக்கிறது! அதே அதிகாரத்தின் 10ஆம் வசனத்தை எந்த அட்டையிலும் நான் பார்த்ததில்லை. "அவர் எனக்குப் பதிவிருக்கிற கரடியும், மறைவிடங்களில் தங்குகிற சிங்கமுமாயிருக்கிறார்." கூப்பிட்டுக் கதறினாலும் என் ஜெபத்துக்கு வழியை அடைத்துப்போட்டார் என்பது 8ஆம் வசனம். கிருபை வசனத்தை எழுதிய கைதான் இதையும் எழுதியது. ஒன்றை மட்டும் நறுக்கி எடுத்து அட்டையில் அச்சடித்துக் கொடுத்துவிட்டு, அக்கா மாதிரி ஒருவர் கரடி, சிங்கம் என்று கத்தும்போது விசுவாசம் இல்லை என்கிறோம். எனக்கு இதில் உண்மையிலேயே கோபம் இருக்கிறது.

அந்தப் புத்தகம் முடிவதும் கேள்வியோடுதான். எங்களை முற்றிலும் வெறுத்துவிடுவீரோ என்று. யூதர்கள் ஆலயம் இடிந்த நாளின் நினைவாக வருஷா வருஷம் நோன்பிருந்து, தரையில் உட்கார்ந்து இதை வாசிப்பார்கள். அந்தக் கடைசி வசனத்தில் நிறுத்த மனம் வராமல் அதற்கு முந்தைய வசனத்தை இன்னொரு தடவை சேர்ந்து சொல்வார்கள். ஆனால் புத்தகத்தில் உள்ள முடிவை அவர்கள் மாற்றவில்லை.

அண்ணன், இது உங்கள் கேள்விக்குப் பதில் இல்லை என்று தெரியும். பதில் வராதவர்களின் குரலும் உள்ளே இருக்கிறது என்று சொல்ல மட்டும்தான்.

---

நாகைக்காரன்:

88 வாசித்தேன். இதை யாரும் எங்களுக்கு வாசிக்கவில்லை. அடக்கத்தில் 23தான் வாசித்தார்கள்.

---

உபதேசியார்:

நெல்லைப் பக்கம் கிராமச் சபைகளில் ஆயுசு முழுக்க உபதேசியாராக ஊழியம் செய்து ஓய்வுபெற்றவன். கொஞ்சம் எழுத அனுமதி கொடுங்கள்.

எங்கள் கிராமத்தில் ஒரு சாவு என்றால் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தோளில் கை போட்டு ஒப்பாரி வைப்பார்கள். அதில் எமனும் திட்டு வாங்குவான், கடவுளும் திட்டு வாங்குவார், சீக்கிரம் போய்விட்ட புருஷனும் திட்டு வாங்குவான். நாங்கள் ஊழியத்துக்குப் போனபோது, விசுவாசிகள் ஒப்பாரி வைக்கக் கூடாது, நம்பிக்கையற்ற மற்றவர்களைப்போலத் துக்கிக்கக் கூடாது என்று சொல்லிக் கீர்த்தனை பாட வைத்தோம். கீர்த்தனை நல்லதுதான். ஆனால் ஒப்பாரியை எடுத்த இடத்தில் சங்கீதம் 88ஐ வைத்திருக்க வேண்டும். எங்கள் சபைகளில் அந்த இடம் காலியாகவே கிடந்தது. பெண்கள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்கள், தேரிக்காட்டு மகள் இப்போது அடுப்படியில் உட்கார்ந்து அழுகிற மாதிரி.

குருசடிக்குத் தெரியும், கத்தோலிக்க ஊர்களில் தவக்காலத்தில் வியாகுலப் பிரசங்கம் வாசிக்கும்போது மாதாவின் புலம்பல் வரும். கேட்கிற கூட்டமே அழும். அவர்கள் கொஞ்சமாவது காப்பாற்றி வைத்தார்கள். எங்களுக்குப் பெரிய வெள்ளி மூன்று மணி ஆராதனையில், ஆண்டவர் சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் நான்காம் வார்த்தை ஒன்றுதான் மிச்சம். "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" அதைப் பேசுகிற பிரசங்கியார் பத்து நிமிஷத்துக்குள் அந்தக் கேள்விக்கு விடை கண்டுபிடித்துவிட்டுத்தான் இறங்குவார். கேட்ட ஆண்டவருக்கே சிலுவையில் உடனே பதில் வரவில்லையே. அது 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி. சாகும் நேரத்தில் அவர் வாயில் வந்தது ஒரு முறையீட்டுச் சங்கீதம்.

மகளே, நீ கேட்டதற்கு என் பதில்: பாவம் இல்லை. அன்னாள் தேவாலயத்தில் மனங்கசந்து உதடு மட்டும் அசைய ஜெபித்தபோது, ஆசாரியன் ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்தான். இருதயத்தைக் கர்த்தருடைய சந்நிதியில் ஊற்றிவிட்டேன் என்றாள் அவள். ஆசாரியனுக்கே ஜெபம் எது, குடிவெறி எது என்று தெரியவில்லை. ஆகவே வாசலில் நின்று பேசுகிறவர்களுக்குத் தெரியவில்லை என்பதில் ஆச்சரியப்படாதே, அவர்கள்மேல் வருத்தமும் வைக்காதே.

லாசரு செத்தபோது அவன் சகோதரி மார்த்தாள் இயேசுவிடம் வந்து, "ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்" என்றாள். பிறகு மரியாளும் வந்து அதையேதான் சொன்னாள். ஆள் அனுப்பியும் அவர் இரண்டு நாள் தாமதித்துத்தான் வந்தார் என்ற குறை இருவருக்கும் இருந்தது. ஒருத்தியோடு உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசினார். இன்னொருத்தி அழுவதைக் கண்டு அவரும் அழுதார். இருவரையும் கடிந்துகொள்ளவில்லை.

பழைய சபைக்கார ஐயாவை நான் மறுக்கவில்லை. ஸ்தோத்திரம் அவரைத் தாங்கியது, சந்தோஷம். தன்னைத் தாங்கியதையே இன்னொருவர் கையில் திணிக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

---

பழைய சபைக்காரர்:

உபதேசியார் ஐயா, நீங்கள் சொன்னதை இரண்டு தடவை வாசித்தேன். எண்ணாகமம் 11ஐயும் எடுத்து முழுவதுமாக வாசித்தேன். திட்டுவது சரி என்று என் மனம் இன்னும் ஒப்பவில்லை, எனக்கு வராது. ஆனால் அந்த 70 பேர் விஷயம் என்னை விடவில்லை. மோசே கத்தியதற்கு வந்த பதில் ஆட்கள். நாங்கள் பழமும் வசனமும் கொண்டு போகிறோம், இரவில் யாரும் போய் உட்காருவது இல்லை.

மகளே, நீ எந்த ஊர் என்று இங்கே எழுத வேண்டாம். தூத்துக்குடியில் இருந்து ஒரு மணி நேரத்துக்குள் வருகிற தூரமா என்று மட்டும் சொல். நானும் என் மனைவியும் இருக்கிறோம். அவளுடைய தாயாரை நான்கு வருஷம் படுக்கையில் வைத்துப் பார்த்தவள், புரட்டிப் படுக்க வைக்க அவளுக்குத் தெரியும்.

---

தேரிக்காடு:

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொருவர் எழுதியதையும் பேருந்தில் போகும்போது வாசித்தேன். நாகைக்கார அண்ணா, உங்களுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நீங்கள் எழுதியது எனக்குத் துணையாக இருந்தது, அதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

88ஐ நேற்று இரவு அவருக்குச் சத்தமாக வாசித்தேன். பாதியில் நிறுத்தப் போனேன், இடது கையால் என் கையைத் தட்டி வாசி என்று காட்டினார். முடிந்ததும் இன்னொரு தடவை என்றார். இவ்வளவு நாளும் நான் தைரியமாக இருப்பதாக அவர் முன்னால் நடித்துக்கொண்டிருந்தேன், அவரும் என் முன்னால் நடித்துக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் தெரிந்தது. அவருக்கும் கோபம் இருக்கிறது. என்னைவிட அதிகம்.

இன்னும் எனக்குக் கேள்வி தீரவில்லை. மணி அடித்த கையை ஏன் எடுத்தார் என்று இன்றைக்கும் கேட்டேன். ஆனால் வாயைப் பொத்தவில்லை.

பழைய சபைக்கார ஐயா, ஒரு மணி நேரம்கூட ஆகாது. சனிக்கிழமை இரவு வர முடியுமா? ஞாயிறு காலை ஆறு மணி வரை யாராவது இருந்தால் நான் ஒரு இரவு தூங்குவேன். அம்மாவிடம் கேட்டுவிட்டுத் தனிச்செய்தியில் சொல்லுங்கள், முகவரி அதில் தருகிறேன். சாப்பாட்டுக்கு ஒன்றும் கொண்டு வர வேண்டாம், மாமியார் செய்துவிடுவார்.

---

பழைய சபைக்காரர்:

வருகிறோம் மகளே. தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன், பார். காற்று மெத்தை ஒன்று எங்கள் வீட்டில் சும்மா கிடக்கிறது, மோட்டாரோடு. ஓடுகிறதா என்று இன்றைக்கே போட்டுப் பார்த்துவிட்டு, நன்றாக இருந்தால் அதையும் எடுத்து வருகிறேன்.